பொத்தான் ஃபோன் பொதுக்குழு

ஐயோ அக்கா, அந்த ஃபோனைத் தொட்டுடாதீங்க!

மன்னிச்சுக்கோங்க, கத்திட்டேன். உக்காருங்க, தாராளமா உக்காருங்க. பையை நான் மடியில வச்சுக்கறேன். ஃபோன் மட்டும் அது பாட்டுக்கு இந்தக் கைக்குட்டை மேலயே கிடக்கட்டும். அதுக்கு இப்ப ஆபரேஷன் நடக்குது. நீலப் பட்டை ஒண்ணு ஓடுது பாருங்க, முப்பத்தொண்ணு சதவீதம். திருச்சியில ஏறும்போது பன்னெண்டு. துவாக்குடி வர்றதுக்குள்ள முப்பத்தொண்ணு! எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. காலையிலேருந்து காபி கூட இறங்கலைன்னா பாத்துக்கோங்க.

என்ன கேட்டீங்க? கால்குலேட்டரா? அடப் போங்கக்கா! என் தம்பி பொண்டாட்டியும் இதையேதான் கேப்பா. இது ஃபோன்க்கா. மேல பாதி கண்ணாடி, கீழ பாதி பொத்தான். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பொத்தான். அமுக்குனா 'டக்'குன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அந்தச் சத்தத்துக்கே சொத்தை எழுதி வைக்கலாம். நான் கோர்ட்டு பக்கத்துல ஜெராக்ஸ், டைப்பிங் கடை வச்சிருக்கேன். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணவ. எனக்கு விரலுக்கு அடியில ஏதாவது அமுங்கணும். உங்க ஃபோன் இருக்கே, தப்பா நினைக்காதீங்க, அது ஜன்னல் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி. தேய்ச்சுக்கிட்டே இருக்கணும். 'வரேன்'னு அடிச்சா 'வரன்'னு போயி நிக்கும். எங்க சித்திக்கு ஒரு தடவை அப்படித்தான் போச்சு, அவங்க ஜாதகத்தோட வீட்டுக்கே வந்துட்டாங்க. அதோட கண்ணாடி ஃபோனுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டேன்.

இதுல குறையே இல்லையான்னா, இருக்குக்கா. எம்புட்டு வேணும்? படம் பாத்தா தீப்பெட்டிக்குள்ள பாக்குற மாதிரி இருக்கும். போட்டோ எடுத்தா எல்லாரும் செத்துப் போனவங்க மாதிரி வருவாங்க. என் தம்பி பையன் மொட்டைக்கு நான்தான் போட்டோ எடுத்தேன். மொட்டை மட்டும் நல்லா வந்துச்சு, பையனைக் காணோம். அதெல்லாம் போகட்டும். பெரிய குறை ஒண்ணுதான். அப்டேட் வராது.

அப்டேட்னா தெரியும்ல? உங்களுக்கெல்லாம் மாசம் ஒண்ணு வருது, எரிச்சலா 'பிறகு'ன்னு தள்ளி விட்டுடறீங்க. எங்களுக்குத் தவம் கிடந்தாலும் வராது. கம்பெனிப் பேரு எதுக்கு, வம்பு. நாங்க கடுதாசி மாதிரி எழுதிக் கேப்போம். 'விரைவில்'னு ஒரே ஒரு வார்த்தை பதில் வரும். தீபாவளிக்குக் கேட்டா விரைவில். பொங்கலுக்குக் கேட்டா விரைவில். ஆடி போயி ஆவணி வந்தாலும் விரைவில். அந்த வார்த்தையைப் பாத்தாலே எனக்கு வயிறு எரியும். இப்ப கடையில யாராவது 'எப்ப கிடைக்கும்'னு கேட்டா, நான் செத்தாலும் விரைவில்னு சொல்ல மாட்டேன். உக்காருங்க, இப்பவே அடிச்சுத் தர்றேன்னுதான் சொல்லுவேன்.

நாங்கன்னா யாரா? நல்லாக் கேட்டீங்க. எங்களுக்கு ஒரு சங்கமே இருக்குக்கா. வாட்ஸப்புல. 'பொத்தான் ஃபோன் உரிமையாளர்கள் நலச் சங்கம், தமிழ்நாடு.' சிரிக்காதீங்க. ஒரு காலத்துல அறுபது பேருக்கு மேல இருந்தோம். நாகர்கோவில்ல ஒரு டாக்டர், ஓசூர்ல ஒரு ஃபேக்டரி ஓனர், காரைக்குடியில ஒரு செட்டியார்னு பெரிய பெரிய ஆளுங்க. அப்டேட் வரலை, வரலைன்னு ஒவ்வொருத்தரா கண்ணாடி ஃபோனுக்கு ஓடிட்டாங்க. பேங்க் ஆப் ஓடலைம்பாங்க, டிக்கெட் எடுக்க முடியலைம்பாங்க, மறுநாள் பாத்தா வெளியேறினார், வெளியேறினார், வெளியேறினார். துரோகிங்க.

இப்ப எத்தனை பேரா? ரெண்டு பேரு.

ஆமாக்கா, ரெண்டே பேரு. நானும் சாரங்கபாணி சாரும். அவரு தலைவர், நான் செயலாளர். ரெண்டு பேருமே போட்டியில்லாம ஜெயிச்சோம். அவரு கும்பகோணத்துல ஒரு நெசவாளர் கூட்டுறவு சங்கத்துல செயலாளரா இருக்காரு, அதனால எல்லாமே முறைப்படி நடக்கணும் அவருக்கு. தினம் காலையில 'மதிப்பிற்குரிய உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்'னு போடுவாரு. அனைவருக்கும்னா எனக்கு. ராத்திரி ஆச்சுன்னா 'கூட்டம் இத்துடன் ஒத்திவைக்கப்படுகிறது'ம்பாரு. நான் 'ஆமோதிக்கிறேன்'னு போட்டுட்டுத்தான் படுப்பேன். ஒரு நாள் அவங்க ஊர்ல டவர் இல்ல, ஒத்திவைக்கவே இல்லை. எனக்குத் தூக்கமே வரலை. கூட்டம் நடந்துக்கிட்டே இருக்குற மாதிரியே இருந்துச்சு.

ஏன் தனியா பேசிக்கலையா? ச்சீ, என்னக்கா நீங்க! தனியா மெசேஜ் போட்டா நாலு பேரு என்ன நினைப்பாங்க? குழுவுல போட்டா பொதுவா இருக்கும். யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. யாரு சொல்லுவாங்கன்னா… சரி, யாரும் இல்லைதான். இருந்தாலும் ஒரு முறை இருக்குல்ல.

முறுக்கு எடுத்துக்கோங்க. மணப்பாறை முறுக்கு. ஒண்ணு போதுமா? ரெண்டா எடுத்துக்கோங்க. மீதி கூட்டத்துக்கு வேணும். ஆமா, கூட்டத்துக்குத்தான் போறேன் கும்பகோணத்துக்கு. ஓட்டுப் போடப் போறேன். பட்டுப்புடவையா? ஏன், ஓட்டுப் போடப் போறப்ப நல்லா உடுத்திக்கிட்டுப் போகக் கூடாதா? பூவா? பூ தெருவுல வந்துச்சு, வாங்கினேன். ரெண்டு முழம்தான். நீங்க ஒருத்தி, போலீஸ்காரி மாதிரி கேக்குறீங்க!

இருங்க, முதல்லேருந்து சொல்றேன். அப்பத்தான் புரியும்.

எங்க சங்கத்துல எந்த முடிவா இருந்தாலும் ஓட்டெடுப்புதான். வாட்ஸப்புல கேள்வியைப் போட்டு 'ஆம்', 'இல்லை'ன்னு அமுக்குற வசதி இருக்கே, அது. ரெண்டு பேரு ஆனதுக்கு அப்புறம் நடந்த ஓட்டெடுப்பு எல்லாமே ஒண்ணுக்கு ஒண்ணு. ஒண்ணு கூட ஜெயிச்சதில்ல. காலை வணக்கத்தோட பூப்படம் போடலாமா? நான் ஆம், அவரு இல்லை. தமிழை எந்த முறையில தட்டுறது? அவரு இங்கிலீஷ் எழுத்துல தட்டித் தமிழ் வரவைக்கிற ஆளு. நான் பொத்தானுக்கு மேலயே தமிழ் எழுத்து ஸ்டிக்கர் வெட்டி ஒட்டினவ. விடுவேனா? ஒரு மாசம் சண்டை. அப்டேட் வந்தா உடனே போடலாமா, இல்ல மத்தவங்க போட்டு என்ன ஆகுதுன்னு ரெண்டு நாள் பாத்துட்டுப் போடலாமா? நான் உடனேம்பேன். அவரு மத்தவங்க போடட்டும்பாரு. மத்தவங்கன்னா யாருக்கா? நான்தானே! 'நான் செத்தாப் பரவாயில்லையா'ன்னு கேட்டேன். 'சங்க உறுப்பினரின் பாதுகாப்பு கருதி அப்படியானால் தலைவரே முதலில் போடுவார்'னு எழுதினாரு. அன்னிக்கு மட்டும் சண்டை போடத் தோணலை. சும்மா 'குறித்துக்கொள்ளப்பட்டது'ன்னு போட்டேன்.

சமமா வந்தா தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டுன்னு விதி இருக்கு. ஆனா அவரு ஒரு தடவை கூட அதைப் போட்டதில்லை. 'அடுத்த கூட்டத்தில் விவாதிக்கலாம்'னுடுவாரு. ஜெயிக்கத் தெரியாத மனுஷன்னு எனக்குக் கடுப்பா வரும்.

நல்லவரா? அது எப்படிக்கா எனக்குத் தெரியும்? நான் பாத்ததே இல்லையே. குரல் கூடக் கேட்டதில்ல. போன ஐப்பசியில எனக்குக் காய்ச்சல் வந்து கடையைத் திறக்கலை. 'உடல்நலமின்மையால் செயலாளர் விடுப்பு'ன்னு போட்டுட்டுப் படுத்துட்டேன். சாயங்காலம் பாத்தா ஓட்டெடுப்பு. 'காய்ச்சல் குறைந்துள்ளதா? ஆம், இல்லை.' கீழ, 'மிளகு ரசம் வைத்துக் குடிக்குமாறு சங்கத்தின் சார்பில் கேட்டுக்கொள்ளப்படுகிறது.' எங்க வீட்ல எல்லாரும் இருக்காங்கக்கா, தம்பி, தம்பி பொண்டாட்டி எல்லாரும். ஒருத்தரும் கேக்கலை. நானே எந்திரிச்சுப் போயி ரசம் வச்சுக் குடிச்சேன். சங்கம் சொன்னா கேக்கணும்ல.

அவருக்குக் கல்யாணம் ஆகலை. இது பொதுவான தகவலாத் தெரிஞ்சதுதான். உறுப்பினர்களோட குடும்பத்தையும் சங்கத்துல சேக்கலாமான்னு ஒரு தடவை பேச்சு வந்தப்ப, 'தலைவருக்குக் குடும்பம் இல்லை'ன்னு எழுதியிருந்தாரு. நான் 'செயலாளருக்கும் இல்லை'ன்னு எழுதினேன். அதோட அந்தப் பொருள் முடிஞ்சுது. ஒரே நாள்ல சண்டையில்லாம முடிஞ்ச ஒரே பொருள் அதுதான்.

என்னாச்சு, பாருங்க பாருங்க! அறுபத்தி ரெண்டு! வல்லம் வந்துட்டோமா? என் கண்ணு, ஓடுடா, ஓடுடா.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நேத்து ராத்திரி கூட்டத்தை ஒத்திவைக்க வேண்டிய நேரத்துல, ஒத்திவைக்காம ஒரு செய்தி போட்டாரு. 'அலுவலக வருகைப் பதிவு ஆப் பழைய மென்பொருளில் இயங்க மறுக்கிறது. எனவே தலைவர் தனது ஃபோனைக் கொடுத்துவிட்டு வேறு ஃபோன் வாங்கும் நிலைக்குத் தள்ளப்பட்டுள்ளார். நாளைக் காலை பத்தரை மணிக்கு பஸ் ஸ்டாண்டு எதிரே உள்ள கடையில். விதிப்படி பொத்தான் ஃபோன் இல்லாதவர் சங்கத்தில் இருக்க இயலாது.' அந்த விதியை எழுதினதே நான்தான்க்கா. யாரோ ஒரு துரோகி, ஃபோனை மாத்திட்டும் உள்ளயே உக்காந்துக்கிட்டு எங்களைக் கிண்டல் பண்ணினான். அவனை விரட்ட எழுதினது. எனக்கே வந்து விடிஞ்சுது.

அதுக்குக் கீழ ஓட்டெடுப்பு. 'தலைவர் விலகலாமா? ஆம், இல்லை. நாளை காலை பத்தரை வரை.' அவரு ஓட்டை 'ஆம்'ல போட்டு வச்சிருந்தாரு.

எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். பழையதைக் குடுக்காம ரெண்டையும் வச்சுக்கலாமேன்னு கேட்டேன். பழசைக் குடுத்தாத்தான் புதுசுக்கு விலை குறையுமாம். கூட்டுறவு புத்தி! எழுதி எழுதி அழிச்சேன். போங்க, போங்க, எல்லாரும் போனாங்க, நீங்களும் போங்கன்னு எழுதினேன், அழிச்சேன். ஓட்டை இப்பப் போட மாட்டேன், காலையில போடறேன், ராத்திரி பூரா தவிக்கட்டும்னு ஃபோனைக் கவுத்துப் போட்டுட்டுப் படுத்தேன். தவிச்சது யாருன்னா நானு. அவரும் போயிட்டா நான் யார்கிட்டக்கா சண்டை போடுவேன்? காலையில எந்திரிச்சா யாருக்கு வணக்கம் சொல்லுவேன்? சங்கத்தை நினைச்சுத்தான் சொல்றேன். ஒரே ஒரு ஆளோட சங்கம்னா அது சங்கமாக்கா? அதுக்குப் பேரு வேற.

விடிஞ்சுது. 'இல்லை'ன்னு போடணும்னு ஃபோனைக் கையில எடுத்தேன். ஒண்ணுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா அவரு வழக்கம் போல அடுத்த கூட்டம்னு தள்ளிடுவாருல்ல, அதான் என் கணக்கு. ஃபோனைத் தொறந்தா… அக்கா, உச்சிப் பிள்ளையார் சத்தியமா, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. 'புதிய அப்டேட் தயார்.' எத்தனை வருஷம்! கத்திட்டேன். தம்பி பல்லு விளக்கற பிரஷ்ஷோட ஓடி வந்தான், பாம்பு பூந்துடுச்சுன்னு. நான் ஆடறேன், சமையக்கட்டுல நின்னுக்கிட்டு. அந்த ஆட்டத்துலயே 'இப்போதே நிறுவு'ன்னு இருந்ததை அமுக்கித் தொலைச்சிட்டேன்!

புரியுதா என்ன பண்ணிட்டேன்னு? ஓட்டுப் போடலை! ஃபோன் அணைஞ்சு போச்சு. இந்தப் பட்டை மட்டும் ஓடுது. பேச முடியாது, மெசேஜ் போட முடியாது, நடுவுல நிறுத்தினா ஃபோனே செத்துடும். எங்க சங்கத்து விதி என்ன? அப்டேட் யாருக்கு முதல்ல வந்தாலும் மத்தவங்ககிட்டச் சொல்லிட்டு, அனுமதி வாங்கிட்டுத்தான் போடணும். சங்கம் பெருசா இருந்தப்ப அதையும் நான்தான் எழுதினேன். ஓட்டுப் பதிவாகலைன்னா ஒண்ணுக்கு சைபர். தீர்மானம் நிறைவேறிடும். அவரு பத்தரைக்கு ஃபோனைக் குடுத்துடுவாரு. அப்டேட் வந்தா அந்த வருகைப் பதிவு ஆப் ஓடும்க்கா! ஃபோனைக் குடுக்கவே தேவையில்ல! அது இந்த உலகத்துல எனக்கு மட்டும்தான் தெரியும், எனக்கு வாயில்ல!

உங்க ஃபோனா? நீங்க தங்கம்க்கா. ஆனா நம்பர் தெரியாதே. இதுலதான் இருக்கு எல்லாம். இந்தப் பொத்தான்ல ஒரு வசதி உண்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு ஆளை வச்சுக்கலாம். அழுத்திப் பிடிச்சா நேரா அவங்களுக்குப் போன் போயிடும். த அழுத்தினா தம்பி. க அழுத்தினா கேஸ் கம்பெனி. இந்தா இந்த ச இருக்கு பாருங்க, இது அவரு. அவசரத்துக்குன்னு வச்சிருக்கேன், தலைவராச்சேன்னு. ஒரு தடவை கூட அமுக்கினதில்ல. கடையில சும்மா இருக்கும்போது விரலை அது மேல வச்சுக்கிட்டு இருப்பேன், அவ்வளவுதான். மத்த ஸ்டிக்கர் எல்லாம் புதுசா இருக்கு, இது மட்டும் எப்படித் தேஞ்சுது பாருங்க. தரமில்லாத ஸ்டிக்கர்.

ஃபோன் பேசலைன்னா என்ன, எனக்குக் கால் இருக்குல்ல? குளிச்சேன், உடுத்தினேன், பஸ்ஸைப் பிடிச்சேன். நேர்ல போயி கடை வாசல்ல நின்னு, 'செயலாளரின் வாக்கு, இல்லை'ன்னு சொல்லப் போறேன். எந்த விதியிலயும் நேர்ல ஓட்டுப் போடக் கூடாதுன்னு இல்லை.

ஆனா இந்த டிரைவர் இருக்காரே, தஞ்சாவூர்ல எவ்வளவு நேரம் போட்டுட்டாரு பாத்தீங்களா! கண்டக்டர்கிட்டச் சொன்னேன், அண்ணே, ஒரு ஓட்டெடுப்புக்குப் போறேன், சீக்கிரம் எடுக்கச் சொல்லுங்கன்னு. இன்னிக்கு எங்கம்மா எலெக்‌ஷன்னு கேக்குறாரு. வெத்தல பாக்கு வாங்கினா மட்டும் நேரம் போகுறது தெரியலை அவங்களுக்கு.

ஐயம்பேட்டையா இது? எண்பத்தஞ்சு. எண்பத்தஞ்சுலயே நிக்குது. அக்கா, நகருதா? எனக்கு மட்டும் நகராத மாதிரி இருக்கா? மணி என்ன? சொல்லாதீங்க. வேணாம், சொல்லுங்க. ஐயோ, பத்தே கால் ஆச்சா! பாபநாசம் தாண்டி, தாராசுரம் தாண்டி… முடியாது. போச்சு. போச்சுக்கா. இந்நேரம் கடைக்கு நடந்து போயிக்கிட்டு இருப்பாரு. தெருத் தெருவா மனசுக்குள்ள நடக்குறேன் நானும்.

எனக்கு ஏன் அழுகை வருதுன்னு தெரியலை. ஒரு ஃபோனுக்குப் போயி. சிரிக்காதீங்கக்கா. தண்ணி இருந்தா கொஞ்சம் குடுங்க.

நீங்க என்ன சொல்றீங்க? வெக்கப்படாம சொல்லணுமா? என்னத்தை? நான் சொல்ல என்ன இருக்கு? அப்டேட் வந்துடுச்சு, விக்காதீங்கன்னு சொல்லணும். அம்புட்டுதான். நீங்க ஏன் அப்படிப் பாக்குறீங்க?

அக்கா! அதிருது! அதிருதுக்கா, ஃபோன் அதிருது! தாராசுரம் கோபுரம் தெரியுது, பட்டை நூறு! வந்துடுச்சு, வந்துடுச்சு, உயிர் வந்துடுச்சு! பொத்தான்ல விளக்கு எரியுது பாருங்க, எவ்வளவு அழகா எரியுது! கையைக் குடுங்க, கையைக் குடுங்க. இருங்க, வாட்ஸப். என்ன இது, இவ்வளவு மெசேஜ் வந்து கொட்டுது? எல்லாம் அவரு. நான் படிக்கிறேன், நீங்க கேளுங்க. எனக்குக் கண்ணு நிக்கலை.

'உறுப்பினர் ரேணுகா அவர்களின் வாக்கு இதுவரை பதிவாகவில்லை.' ரேணுகாதான் நான். பேரு சொல்லவே இல்லையா உங்ககிட்ட? 'நினைவூட்டல்.' 'இரண்டாம் நினைவூட்டல்.' 'உறுப்பினர் நலமா? காய்ச்சலா?' ஐயோ. 'வாக்கெடுப்பு நேரம் கால் மணி நீட்டிக்கப்படுகிறது.' பாருங்களேன், நீட்டிச்சிருக்காரு! 'மீண்டும் நீட்டிக்கப்படுகிறது.' 'கடைக்காரர் ஃபோனைக் கேட்கிறார். தலைவர் கடைக்கு வெளியே நிற்கிறார்.' அப்புறம்… அப்புறம்…

'ரேணுகா, கோபமா?'

அக்கா, உறுப்பினர்னு போடலை. அவர்கள்னு போடலை. வெறும் ரேணுகா. நீங்களே பாருங்க, நான் சரியாத்தான் படிக்கிறேனா? வெறும் ரேணுகாதானே?

இருங்க, இன்னும் இருக்கு. 'இரண்டு வருடத்தில் நீங்கள் பதில் போடாத ஒரே காலை இதுதான். தாங்க முடியவில்லை. ஃபோனைக் கொடுக்கவில்லை. தீர்மானம் திரும்பப் பெறப்படுகிறது.' விக்கலைக்கா! விக்கலை! கண்டக்டர் அண்ணே, விக்கலையாம்! நீங்க டிக்கெட்டைப் பாருங்க, உங்களுக்குச் சொன்னா புரியாது.

கீழ ஒரு ஓட்டெடுப்பு. இப்பத்தான், ரெண்டு நிமிஷம் ஆகுது. 'தலைவர் இன்றே திருச்சி சென்று ரேணுகாவை நேரில் சந்திக்கலாமா? ஆம், இல்லை.' ஆம்ல ஒரு ஓட்டு. அவரு ஓட்டு.

ம். படிச்சேன். படிச்சுட்டேன்க்கா. கொஞ்சம் இருங்க, மூச்சு விட்டுக்கறேன்.

எனக்கு என்ன தோணுதுன்னா… ஒரு தடவை கூட ஒத்துப் போனதில்லையே நாங்க. பழக்கமில்ல. விரலு தானா இல்லைக்குப் போவுது பாருங்க. ச்சீ, கழுதை, இந்தப் பக்கம் வா. அமுக்கட்டுமா? நீங்க சொல்லுங்க. இல்ல, நீங்க சொல்லாதீங்க, நானே அமுக்கறேன்.

அமுக்கிட்டேன். ரெண்டுக்கு சைபர்! சங்கம் ரெண்டு பேரு ஆனதுலேருந்து ரெண்டுக்கு சைபர் இதுதான் முதல் தடவைக்கா!

ஏதோ எழுதறாரு. எழுதறாரு, எழுதறாரு, அழிக்கிறாரு, எழுதறாரு. வந்துடுச்சு. 'தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.' சிரிக்காதீங்கக்கா, அவரு அப்படித்தான். ஐயய்யோ, கீழ பாருங்க. 'தலைவர் திருச்சி பஸ்ஸில் ஏறுகிறார்.'

ஏறக் கூடாது! நான் இங்க வர்றேன்னு அவருக்குத் தெரியாதே! அவரு அங்க போயி இறங்குவாரு, நான் இங்க இறங்குவேன்! டிரைவர் அண்ணே, கொஞ்சம் அழுத்துங்க! பஸ் ஸ்டாண்டு வந்துடுச்சா? உள்ள திரும்பறாரா? அக்கா, ஜன்னல் பக்கம் நகருங்க. திருச்சி பஸ் எது? அந்தா, அது திருச்சி. படிக்கட்டுல ஒருத்தர் நிக்கிறாரு, வெள்ளைச் சட்டை. ரெண்டு கையாலயும் ஃபோனைப் பிடிச்சுக்கிட்டு, ரெண்டு கட்டைவிரலாலயும் தட்டறாரு பாருங்க. கண்ணாடி ஃபோன்காரன் எவனும் அப்படிப் பிடிக்க மாட்டான். அவருதான்! தலையில கொஞ்சம் முடி கம்மியா இருக்கு. இருக்கட்டும். வண்டியை எடுக்கறாங்க, விசில் ஊதறான், ஐயோ!

இல்ல, மெசேஜ் போட நேரமில்ல. ச. ச எங்க? இங்க. அழுத்திப் பிடிச்சிட்டேன்க்கா. அப்டேட்ல இது அழிஞ்சு போயிருந்தா? கடவுளே, அழிஞ்சிருக்கக் கூடாது. போவுது. ரிங் போவுது. அவரு ஃபோனைப் பாக்குறாரு. பாத்துக்கிட்டே நிக்கிறாரு. எடுங்க, எடுங்களேன்…

ஹலோ. தலைவர் அவர்களே… இல்ல. சாரங்கபாணி. ஏறாதீங்க. இறங்குங்க, முதல்ல இறங்குங்க. ரேணுகாதான் பேசறேன். ஆமா, என் குரல் இப்படித்தான் இருக்கும். கீச்சுன்னு. திருச்சிக்கா? திருச்சியில யாரு இருக்கா? நான் இங்க இருக்கேன். உங்களுக்கு நேரா ஒரு மாயவரம் பஸ் நிக்குது பாருங்க, மூணாவது ஜன்னல். மஞ்சப் புடவை. கையை ஆட்டறேன் பாருங்க. பாத்துட்டீங்களா? எதுக்குக் கும்பிடறீங்க? சரி, வணக்கம். அங்கயே நில்லுங்க. நான் வர்றேன்.

அக்கா, பையைக் குடுங்க. முறுக்கு? நீங்களே வச்சுக்கோங்க, மாயவரம் போறவரைக்கும் சாப்பிடுங்க. இல்ல, குடுங்க, குடுங்க, அவருக்கு ஒண்ணும் வாங்கிட்டு வரலையே. பூ சரியா இருக்கா? பின்னாடி? கண்ணு கலங்கினது தெரியுதா? தெரிஞ்சாத் தெரியட்டும்.

ஐயோ, பாருங்க! அப்டேட் வந்த விஷயத்தைச் சொல்லவே இல்லையே நான்! ரெண்டு வருஷமாக் காத்துக்கிட்டு இருந்தது!

குழுவுல போடவா? வேணாம்க்கா. நேர்லயே சொல்லிக்கறேன். அவசரம் ஒண்ணுமில்ல.